ஒருபக்கச் சண்டை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இளைஞரும் விளையாட்டும்" என்ற பொருள் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும் என்று மன்றச் செயலாளர் எமக்கு ஓலை அனுப்பியிருந்தார். ஓலை என்பது பேச்சுக்குத்தான். கைத்தொலைபேசியில் வந்த இரண்டு வரி அது. உடற்பயிற்சியின் நன்மைகள் என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்தோம். பிறகு ஆற அமர யோசித்துப் பார்த்தோம். விடியுமுன் எழுந்து, ஏறக்குறைய 300 இறப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளியைச் சுமந்துகொண்டு மலை இறங்கி வருகிற பிள்ளைகளை உட்கார வைத்து, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று உபதேசிப்பதைக் காட்டிலும் அபத்தம் வேறு உண்டோ? ஆகவே அந்தக் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஒரு சண்டையைப் பற்றியும், அந்தச் சண்டையினால் நம் கடையடியில் மூண்ட சண்டையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டியாந்தோட்டைப் பக்கத்து நம் தோட்டத்திலே வேலையில்லாத நாள். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்திலோ அப்போது நள்ளிரவு. கடைப் பலகையின்மேல் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்த ஒரு தொலைபேசியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தலைகள். யூ.எவ்.சி. என்ற நிறுவனம் 1993ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கலப்புச் சண்டை. இங்குள்ள பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை: குத்தும், உதையும், மல்யுத்தமும், மூட்டைப் பூட்டுவதும், கழுத்தை நெரிப்பதும் எல்லாம் ஒரே எண்கோணக் கூண்டுக்குள் அனுமதிக்கப்பட்ட சண்டை அது. பட்டத்துக்கான போட்டி என்றால் ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். தாங்கமுடியாதவன் கையால் தட்டிவிட்டால் அந்தக் கணமே முடிவு.

அன்று 185 இறாத்தல் எடைப்பிரிவில் பட்டம் வைத்திருந்தவர் தென்னாபிரிக்காவின் டிரிகஸ் டு பிளெசி. எதிர்த்து வந்தவர் செச்சினியாவிலே பிறந்து சுவீடனிலே வளர்ச்சியடைந்து ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயரில் இறங்கிய கம்சாத் சிமாயேவ். மணி அடித்ததும் சிமாயேவ் பாய்ந்து காலைப் பிடித்தார். டு பிளெசி கீழே விழுந்தார். அவ்வளவுதான். 25 நிமிடத்தில் 21 நிமிடத்துக்கும் மேலாக ஒருவர் மேலே, ஒருவர் கீழே. முதற் சுற்றில் இரண்டு கைகளையும் பூட்டிப்போட்டு, தலையிலே குட்டுவது போலச் சின்னச் சின்ன அடிகள். மொத்தமாக எண்ணியபோது மேலே இருந்தவர் கொடுத்த அடி 500க்கும் அதிகம். கீழே கிடந்தவர் கொடுத்தது ஐம்பதுக்கும் குறைவு. மூன்று நடுவர்களும் ஒன்றுபோல 50க்கு 44 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சுற்றை வென்றவனுக்குப் 10, தோற்றவனுக்கு 9 என்பது வழக்கம். ஒரு சுற்றிலாவது 8 விழாமல் 44 வராது. அரங்கத்திலேயே சனங்கள் இடையிடையே ஊளையிட்டார்கள்.

நம் கடையடியிலும் ஊளைதான்.

"என்னடா இது, கட்டிப்பிடிச்சுப் படுத்துக்கிட்டு! இதுக்கா காலையிலேருந்து டேட்டாவ எரிச்சோம்?" என்று ஒரு கட்சி. "எந்திரிக்கத் தெரியாதது அவன் குத்தம். தெரிஞ்சா எந்திரிக்கட்டுமே!" என்று மறு கட்சி. வாங்கில் குந்தியிருந்த ஒரு தாத்தா, தாரா சிங், கிங் கொங் காலத்து ஆள், "எல்லாம் முன்கூட்டியே பேசி வச்ச குஸ்தி" என்று இருவருக்கும் பொதுவாகத் தீர்ப்பு வழங்கினார். போர் போர் அடிக்கிறதாம்! நாமும் சும்மா இருக்கவில்லை. "இதைப் பாக்கிறதுக்கு ரெண்டு மாட்டக் கட்டிவச்சுப் பாக்கலாம்" என்று ஒரு சொல் போட்டோம். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓரமாக நின்ற ஒரு தம்பி மாத்திரம் சிரிக்கவில்லை. "ஒருத்தனுக்குக் கீழ கெடந்து பாருங்கண்ணே, அப்பத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் யார் என்பதைப் பிறகு சொல்லுவோம். அன்று இரவு எமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறோம்.

அன்பர்களே! கீழே கிடப்பதைப் பற்றிய இந்த வழக்கு புதிதல்ல. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு இது. இதில் மேலே இருந்தவர் நம் பாரத நாட்டு மல்லர். காமா பயில்வான் என்ற பெயரைத் தாத்தாமார் கேட்டிருப்பார்கள். 1910ஆம் ஆண்டு அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே போனால், உயரம் போதாது என்று போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அவர் என்ன செய்தார்? எந்த எடைக்காரராயினும் சரி, மூன்று பேரை அரைமணி நேரத்துக்குள் வீழ்த்துவேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். ஏதோ வித்தைகாட்டி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அமெரிக்க மல்லர் ரோலரைத் தூக்கி எறிந்த பிறகுதான் கண் திறந்தது. அதே 1910இல் நம் கொள்ளுத்தாத்தாமார் இந்த மலைகளில் துண்டு முறைக்குள் கட்டுண்டு கிடந்தார்கள்; கடனை எழுதிய துண்டு தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்கு நகர முடியாது. அது ஒழிந்தது 1921இல்தான். காமாவின் செய்தி அவர்கள் காதுக்கு எட்டியிருக்குமோ என்னவோ! எட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

செப்டம்பர் 10ஆந் திகதி ஜோன் புல் அரைப்பட்டிக்கும் 250 பவுண் பரிசுக்குமான இறுதிப் போட்டி. காமாவின் எதிரி போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. காமாவைவிடப் பருத்தவர், எடை கூடியவர், பேர் பெற்றவர். தொடங்கிய சில கணத்தில் காமா அவரை விழுத்திவிட்டார். அதன்பின் ஸ்பிஸ்கோ எழுந்து நிற்க மறுத்தார். நின்றால் தூக்கி எறிவான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மெத்தையைக் கவ்விக்கொண்டு, வயிறு நிலத்தில் ஒட்டும்படி கிடந்தார். முதுகு நிலத்தில் பட்டால்தானே தோல்வி? காமா புரட்டினார், இழுத்தார், நெம்பினார். பெருமரத்து வேரைப் பிடுங்குவது போலத்தான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், இன்னும் அரைமணிக்கு மேல். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து, வெற்றி தோல்வி இல்லை என்று நிறுத்தினார்கள். மறுபடி 17ஆந் திகதி மோதுவதாக ஏற்பாடு. அன்றைக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. அரைப்பட்டி காமாவுக்குக் கிடைத்தது.

இந்தப் போட்டியை வைத்து அன்றிலிருந்து இன்றுவரை வாதாடுகிறார்கள். ஸ்பிஸ்கோ கோழை என்பது பெரும்பான்மைக் கட்சி. எம் கருத்து வேறு. 17ஆந் திகதி வராததற்கு நாம் வக்காலத்து வாங்கோம், அது பிழை. ஆனால் 10ஆந் திகதி கிடந்தாரே, அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் காமாவின் பிடிக்குள் ஐந்து நிமிடம் இருந்திருப்பார்கள்? இரண்டரை மணி நேரம் ஒரு மனிதன் தன் முதுகைக் காப்பாற்றியிருக்கிறான். பார்த்தவனுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கோ ஒவ்வொரு விரலும் வேலை செய்துகொண்டிருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1928ஆம் ஆண்டு ஜனவரியில் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் இருவரையும் மறுபடி அழைத்தார். ஸ்பிஸ்கோவுக்கு அப்போது வயது 48. இடையிலே உலகப் பட்டம் பெற்றுப் புகழடைந்திருந்தார். அமெரிக்காவில் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் வந்தார். மெத்தையல்ல, காமா பிறந்ததிலிருந்து புரண்ட அந்த மண்ணுக் கோதாவிலே, அவர்களுடைய முறைப்படி, பல்லாயிரம் சனத்தின் முன்னே காலூன்றி நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதுகு மண்ணில் பட்டுவிட்டது! இதைவிட ஒருபக்கமான சண்டை சரித்திரத்திலே சுலபமாக அகப்படாது. 18 ஆண்டு காத்திருந்த வழக்கு, ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் தீர்ந்தது. காமாவின் புகழ் அதனால் ஓங்கியது, ஓங்கவேண்டியதுதான். ஆனால் எமக்கு அந்த முதுகில் ஒட்டிய மண்ணின்மேல்தான் கண் போகிறது. நிற்க மறுத்த இடத்துக்குப் பதிலாக, நிற்கவென்றே ஒரு சமுத்திரத்தைத் தாண்டி வந்து தோற்றவன் அவன்.

இன்னொரு வழக்கையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். 1976ஆம் ஆண்டு ஜூன் 26, தோக்கியோவில் முகம்மது அலிக்கும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கிக்கும் போட்டி. இனோக்கி 15 சுற்றும் பெரும்பாலும் மல்லாந்து கிடந்தபடியே அலியின் காலில் உதைத்துக்கொண்டிருக்க, சனங்கள் காசைத் திருப்பிக் கொடு என்று கத்திக் குப்பையை வீசினார்கள். கேலிக்கூத்து என்று உலகமே சொன்ன அந்தச் சண்டைக்குப் பிறகு, அலி காலிலே இரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

நம் பட்டிமன்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாலி வதம் சரியா பிழையா என்று மார்கழி தோறும் தொண்டை வறளப் பேசுகிறோம். மறைந்து நின்று விட்ட அம்பைப் பற்றியே பேச்சு. முதல் தடவை வாலியிடம் உதைபட்டு ஓடிவந்தானே சுக்கிரீவன், அவன் உடம்பு நோவோடு இரண்டாம் தடவை அதே வாலியைப் போருக்கு அழைத்தான் என்பதைப் பற்றி எந்த அணித் தலைவரும் பேசிக் கேட்டதில்லை. மாலை ஒன்று போட்டுக்கொண்டு போனான் என்று சிரித்துவிட்டு விடுகிறோம்.

இனி அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். அவர் பெயர் வேண்டாம். சென்ற பொங்கல் விளையாட்டு விழாவில் மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் கபடி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மேற்கணக்குக் குழுவிலே நன்றாக ஆடுகிற பையன்கள் கொழும்புக் கடைகளில் வேலை. பொங்கலுக்கு வந்துசேர முடியவில்லை. ஆளில்லை, ஆட்டத்தை விட்டுவிடுவோம் என்று அவர் சொல்லியிருக்கலாம். நிகழ்ச்சி கெட்டுப்போகும் என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். நாற்பதுக்கு ஐந்து. குழு முழுவதும் திரும்பத் திரும்ப வெளியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவரே பாடிப் போனார். ஒவ்வொரு தடவையும் நாலைந்து பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி போனார்.

அன்றைக்கு ஒலிபெருக்கி யார் கையில் இருந்தது? எம் கையில்! "மேற்கணக்குக்காரர் தூங்க வந்திருக்கிறார்கள், பாய் கொண்டு வாருங்கள்" என்றோம். "ஐந்து புள்ளியையும் பொங்கல் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். நாலு மலைக்குக் கேட்டது. அவருடைய தாயாருக்கும் கேட்டிருக்கும். சனங்கள் சிரிக்கச் சிரிக்க எமக்கு உற்சாகம் ஏறியதே தவிர, களத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தத் தம்பி மைதானத்துப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவார். மைதானத்தைச் சுற்றிக் கீழ்ப்பாதையால் போய்விடுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரில் இருவரும் விட்டுவிட்டார்கள். ஏழு மாதம் இதை நாம் கவனிக்கவும் இல்லை, கடையடியில் அவர் வாய் திறக்கும்வரை.

மறுநாள் பின்நேரம் அவருடைய லயத்துக்குப் போனோம். தாயார் வாங்கு போட்டுச் சாயத்தண்ணி தந்தார். வயதில் மூத்தவன் இளையவனிடம் மன்னிப்புக் கேட்பது நம் பக்கத்து வழக்கத்தில் இல்லாத காரியம். வாய் வர நேரமெடுத்தது. கேட்டோம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சின்னப் பயலுகளத்தான்ணே சொல்லிட்டீங்க. நான் பரவாயில்ல" என்றார். அதற்கு எம்மிடம் பதில் இல்லை.

பிறகு ஒன்று கேட்டார்: "அடுத்த பொங்கலுக்கு மைக்க யாரு பிடிக்கிறது?" நாம் அல்ல என்றோம். புள்ளியை மட்டும் வாசிப்பதற்கு ஒரு பிள்ளையை வைப்பது என்று செயற்குழுவிலும் பேசியாயிற்று. வித்தியாசம் முப்பதைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று ஒரு பிரேரணையும் வந்தது. அந்தத் தம்பியே அது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஆடுகிறவன் கேட்டால் நிறுத்துங்கள், பார்க்கிறவனுக்கு அலுத்துவிட்டது என்பதற்காக நிறுத்தாதீர்கள் என்பது அவர் சொல். பிரேரணை விழுந்தது.

சிக்காகோவில் அன்று டு பிளெசி கடைசிவரை கையால் தட்டவில்லை என்பதைச் சொல்ல மறந்துபோனோம். ஐந்தாம் சுற்றில், தோல்வி நிச்சயமான பிறகு, ஒரு சிறிது நேரம் புரண்டு மேலேயும் வந்தார். நாம் அப்போது மாட்டுப் பகிடி சொல்லிக்கொண்டிருந்தபடியால் அதைப் பார்க்கவில்லை. பிறகு பிள்ளைகள் போட்டுக் காட்டித்தான் கண்டோம்.

கபடிப் பழக்கம் வருகிற ஞாயிறு பின்நேரம் நாலரைக்கு மைதானத்தில் தொடங்குகிறது. பிடிபட்டு விழுந்தவன் மேலே ஆள் கிடக்கும்போதே நடுக்கோட்டை எப்படிக் கையால் எட்டுவது என்பதை முதல் அரைமணி நேரம் அந்தத் தம்பி பழக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு கணக்குப் பிள்ளைகளும் வரலாம். பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள்.