எழுதி வாசிக்கும் இசை

(காளப்பநாயக்கன்பட்டி குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ திரைப்படத்துக்காக உருவானதன்று. கதையில்லை, காட்சியில்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் அர்ப்பணித்த கருவியிசைத் தொகுப்பு அது. வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதில் ஓரிடத்தில், பாக் தனி வயலினுக்கு எழுதிய பகுதியோடு உரையாடுவதுபோலத் தம் இசையை இணைத்திருக்கிறார் இளையராஜா.

எனக்கு வியப்பூட்டுவது அவர் எழுதும் முறைதான். ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாளில் எழுதித் தந்துவிடுவார். கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். ஒலிப்பதிவுக்கு முன்பே இசை எழுத்தாகிவிடுகிறது!

என் ஐந்தாம் வகுப்பில், மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன். பலகையில் அருமையாகத் தாளம் போடுவான். புத்தகத்தைத் திறந்தால் வாய் திறவான். அவன் தாளத்தையே எழுதச் சொன்னேன். தட்டுக்கு ஒரு கோடு, மௌனத்துக்கு ஒரு புள்ளி. எழுதியதை இடமிருந்து வலமாக விரல் வைத்து வாசித்தான். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தட்டினார்கள். பிறகு கோடுகளின் கீழ் சொற்கள் வந்தன: ‘மிளகு’, ‘பலா’, ‘அருவி’.

பாடவேளை ஏது என்பீர்கள். தமிழ்ப் பாடவேளையிலேயே செய்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் பதிந்தோம். பேருந்து ஒலிப்பானால் மூன்று முறை கெட்டது, நான்காவது தேறியது.

இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். வேகம் இன்னும் வரவில்லை. அவன் எழுதிய தாள்கள் மேசைமேல் உள்ளன; உணவு இடைவேளையில் பாருங்கள்.