படம் பிடித்தவர் யார்?



எங்கள் வீட்டிலே எண்பது வயதைக் கடந்த என் தாயார் இருக்கின்றார். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் என் மகன் தன் கைத்தொலைபேசியில் அவருக்கு ஒரு காணொளியைக் காட்டினான். ஐரோப்பியப் பெண்ணொருத்தி தன்னந்தனியளாய் மோட்டார்ச் சைக்கிளில் மலைப்பாதையொன்றில் ஏறிச் செல்கின்றாள். தொலைவிலே சிறு புள்ளியாய்த் தோன்றி, புழுதி எழக் கண்முன்னே கடந்து, வளைவிலே மறைகின்றாள். அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளை தனியத்தான் போகுதெண்டால், இதைப் படம் பிடிச்சது ஆர்?”

மகனிடம் மறுமொழி இல்லை. என்னிடமும் அப்பொழுது இல்லை. அவ்வினாவே இப்பேச்சுக்குத் தோற்றுவாய்.

தனிவழிப் பயணத்தைப் படமாக்கி யூடியூப் என்னும் இணையத்தளத்தில் வெளியிடுவது இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த நொறாலி ஸ்கூன்மாக்கர் என்னும் பெண்மணி புவிச்சரிதவியல் கற்றவர்; 2018ஆம் ஆண்டில் உத்தியோகத்தைத் துறந்து, இந்தியாவிலே றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் வண்டியொன்றை வாங்கி, அதற்குப் ‘பசந்தி’ என்று பெயருமிட்டு, ஆசியாவைக் கடந்து 2019இல் தாயகம் சேர்ந்தார். அவர் வழியைப் பின்பற்றுவோர் இன்று பலர். இவர்கள் காட்டுவதில் எவ்வளவு மெய், எவ்வளவு ஒப்பனை?

முதலில் அம்மாவின் வினாவுக்கு விடை காண்போம். தனியே செல்பவள் வீதியோரத்தில் வண்டியை நிறுத்துகின்றாள். முக்காலியில் கமராவைப் பொருத்துகின்றாள். வந்த வழியே சிறிது தூரம் திரும்பிச் செல்கின்றாள். அங்கிருந்து மீண்டும் வந்து, கமராவைக் கடந்து, வளைவுக்கு அப்பால் மறைகின்றாள். பின்னர் வளைவிலிருந்து திரும்பி வந்து கமராவை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்கின்றாள். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: நாம் ஒரு முறை காணும் வீதியை அவள் மூன்று முறை கடந்திருக்கின்றாள். உடன் ஒரு தோழி இருந்திருப்பின் ஒரு முறை கடந்தாற் போதும். ஆகவே ஒப்பனை என்று நாம் ஐயுறும் அக்காட்சியே பல வேளைகளில் அவள் தனிமைக்குச் சான்றாகவும் அமைகின்றது.

ஆனால் சேறும் மணலுமான பாதையை எவரும் மும்முறை கடக்க விரும்பார். அதனாலேதான் மிகக் கடினமான இடங்கள் தலைக்கவசத்திற் பொருத்திய கமராவின் வாயிலாகவே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. கைப்பிடியும் சக்கரமும் வானமும் குலுங்கித் தெரியும், அவ்வளவே. வண்டி சேற்றிற் சரிந்து விழும் காட்சி பக்கத்தில் நிற்பவர் கண்ணாற் கண்டதுபோல அமைதியாகப் பதிவாகியிருக்குமாயின், அங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டும். கமரா முன்னரே வைக்கப்பட்டிருந்ததா? வேறொருவர் நின்றிருந்தாரா?

இங்கும் உடனே தீர்ப்புக் கூறிவிடலாகாது. முன்னும் பின்னுமாக இரு வில்லைகள் கொண்டு, சுற்றுமுற்றும் அனைத்தையும் ஒருங்கே பதியும் கமரா இப்பொழுது உண்டு. அதனை ஒரு கோலின் நுனியிற் பொருத்தி வண்டியில் நாட்டினால், இரு படங்களும் இணையும் பொருத்திலே அந்தக் கோல் மறைந்துவிடும். பார்ப்பவருக்கு யாரோ ஒருவர் பக்கத்தே பறந்து வருவதுபோலத் தோன்றும். உண்மையில் எவரும் இல்லை. பறக்கும் கமராவாகிய ட்ரோனும் அவ்வாறே ஆளைத் தானே பின்தொடர வல்லது. அதன் மின்கலம் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாற் பெரிது. மொறொக்கோ போன்ற நாடுகளில் சுங்கப் பகுதியினர் அதனை எல்லையிலேயே பறித்துக்கொள்வர். நம் நாட்டிலும் சிவில் விமானச் சேவை அதிகார சபையின் அனுமதியின்றி அதனைப் பறக்கவிடல் ஆகாது.

காதை நம்பி வாழும் வானொலிக்காரனாகையால் ஒன்று மட்டும் எனக்கு விரைவிற் புலப்பட்டது. வானிலிருந்து எடுத்த காட்சியில் மோட்டார்ச் சைக்கிளின் முழக்கம் கேட்கின்றதே, அது எப்படி? பறக்கும் கமராவின் அருகே அதன் சுழலிகளின் இரைச்சலன்றி வேறொன்றும் கேளாது. ஆகவே அம்முழக்கம் வேறிடத்திற் பதிவு செய்து பின்னர் சேர்த்த ஒலி. இதனைக் குற்றமென்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டிக் குதிரை ஓடும் ஓசையை எழுப்பியவர்கள் அல்லவா வானொலி நாடகக்காரர்!

இந்த ஐயம் இணையத்தோடு பிறந்ததும் அன்று. 1922இல் றொபேட் பிளகேற்றி என்பார் வட துருவத்தை அடுத்த பனி நாட்டு மக்களின் வாழ்வைக் காட்டும் ‘நனூக்’ என்னும் படத்தை வெளியிட்டார். உள்ளே வெளிச்சம் போதாமையால் பனிக்குடிலைப் பாதியாகக் கட்டுவித்தே அக்காட்சியை எடுத்தார். துப்பாக்கியறிந்த வேட்டைக்காரரைப் பழைய எறியீட்டியால் வேட்டையாடச் செய்தார். பத்தாண்டுகள் கழித்து, 1932இல், றொபேட் எடிசன் புல்ற்றன் என்னும் அமெரிக்க இளைஞர் டக்ளஸ் மோட்டார்ச் சைக்கிளொன்றில் சினிமாக் கமராவுடன் லண்டனிலிருந்து தனியே புறப்பட்டார். இந்தியா, சீனா, யப்பான் ஆகிய நாடுகளையும் கடந்து, 1933 டிசெம்பரில் நியூயோர்க்கை அடைந்தார்.

இவர்களுக்கு நேர்மாறாக, தனிமை என்ற உரிமையே கோராத ஒரு பயணமும் உண்டு. 2004இல் இயுவன் மக்கிறெகர், சார்ளி பூர்மன் என்னும் இரு நடிகர்கள் லண்டனிலிருந்து ஐரோப்பா, ஆசியா வழியாக நியூயோர்க்குக்கு ஏறத்தாழ 19,000 மைல் ஓடினர். மூன்றாவது வண்டியில் குளோடியோ வொன் பிளாண்டா என்னும் சுவிற்சர்லாந்து ஒளிப்பதிவாளர் உடன் சென்றார். துணை வாகனங்களும் வேறாகச் சென்றன. இவற்றுள் எதனையும் அவர்கள் மறைக்கவில்லை. ஒளிப்பதிவாளர் படும் பாடும் கதையில் ஒரு பகுதியாயிற்று. அதனாற் பார்த்தவர் எவருக்கும் சுவை குன்றியதாகத் தெரியவில்லை.

ஆகவே முக்காலி வைத்ததும், சென்ற வழியே மீண்டதும், ஒலி சேர்த்ததும் எனக்குப் பெரிய பொய்களாகத் தோன்றவில்லை. எட்டு மணி நேர ஓட்டத்தை இருபது நிமிடமாகச் சுருக்குபவர் எதையேனும் விட்டேயாக வேண்டும். “இன்று இங்கே நிற்கின்றேன்” என்று கூறும் காணொளி வாரக்கணக்கிற் பிந்தி வெளிவருவதும் உண்டு. தனியே கூடாரத்தில் உறங்கும் ஒரு பெண் தான் உறங்குமிடத்தை அன்றே ஊரறியக் கூறாமை அறிவுடைமையேயாகும்.

நான் பொறுக்க மாட்டாதவை வேறு. பொதியேற்றிய பெரிய மோட்டார்ச் சைக்கிள் 200 கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. அது பாலைமணலில் விழுந்தால் அதனைத் தூக்குவதே ஒரு போராட்டம். கமராவுக்கு வெளியே இருவர் நின்று தூக்கிவிட்டு, உள்ளே ஒருவர் மட்டும் ஏறிச் செல்வாராயின், பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன் என்ன கணக்குப் போடுவான்? தண்ணீர் எவ்வளவு, பெற்றோல் எவ்வளவு, உதவிக்கு யார் என்பவற்றையெல்லாம் அந்தப் பொய்யை அளவுகோலாக வைத்தல்லவா அளப்பான்? அவனுக்குப் பின்னால் துணை வாகனம் வராது.

மற்றையது தலைப்புகளின் கூத்து. எல்லைச் சாவடியிலே கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, தேநீரும் கொடுத்து அனுப்பிய காவலர், காணொளியின் முகப்பிலே பயணியைச் சிறைபிடித்த கொடியவராகிவிடுகின்றார். பார்ப்போர் தொகையைப் பொறுத்தே விளம்பரப் பணம் வருவதால் இந்த ஆசை எளிதில் அடங்குவதாயில்லை. பயணிக்கு உலகெங்கும் கேட்போர் உண்டு. அந்தக் காவலருக்கு மறுப்புக் கூற ஓரிடமும் இல்லை. வெளிநாட்டார் கமராவுக்கு முன்னே நிற்கும் மக்களுள் நாமும் ஒரு சாராராதலால், அந்த மனிதரின் நிலை நமக்கு நன்றாகவே விளங்கும்.

இவற்றையெல்லாம் ஓரளவு விசாரித்தறிந்து அம்மாவுக்கு விளக்கினேன். முக்காலி, திரும்பிச் செல்லுதல், மும்முறை கடத்தல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அதன் பின்னரும் அந்தப் பெண்ணின் காணொளிகளைப் பார்ப்பதை அவர் விடவில்லை. சென்ற கிழமை, அவள் மாலை வெயிலில் வளைவொன்றிலே மறைந்ததும் படம் வேறிடத்துக்குத் தாவிற்று. அம்மா மகனின் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார்.

“பொறு ராசா. கமராவை எடுக்கத் திரும்பி வந்தவளோ? இருட்டுப் படப் போகுது.”