மூவரிசை வண்டி வாங்குமுன்

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. ஐந்து பேர் அமரும் மோட்டார் வண்டி போதவில்லை. மூன்று வரிசை இருக்கைகள் உள்ள பெரிய வண்டி ஒன்று வேண்டும் என்பதே அப்பேச்சு. காரணம் எளிதில் விளங்கக்கூடியது. கணவன், மனைவி, குழந்தைகள் இருவர் என நால்வராய் வாழும் குடும்பம், ஊரிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்த அன்றே அறுவராகி விடுகின்றது. ரயிலடியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும்போதே இரண்டு வண்டிகள் தேவைப்படுகின்றன. பெரியவர்கள் ஒன்றில், குழந்தைகள் மற்றொன்றில் எனப் பிரிந்து வரும்போது, சேர்ந்து வாழ வந்தவர்கள் முதல் நாளே பிரிந்து செல்கிறோமே என்ற எண்ணம் உண்டாகத்தான் செய்கின்றது.

ஆகவே எங்கள் வீட்டிலும் எஸ்.யூ.வி. எனப்படும் மூவரிசை வண்டி வாங்குவதென முடிவாயிற்று. வீட்டுக்கு அடுத்தபடியாக, நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பம் செய்யும் பெருஞ்செலவு இதுவே. எனவே அவசரப்படாமல் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வாங்க வேண்டுமென்று தீர்மானித்தோம். அந்த ஒப்பீட்டில் நாங்கள் கற்றவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுவது நலம். முதலாவதாகச் சென்ற விற்பனைக்கூடத்தில் எங்கள் கவனம் முழுவதும் வண்டியின் முன்பகுதியிலேயே நின்றுவிட்டது. அகன்ற திரை, கூரையில் திறக்கும் கண்ணாடி, இருக்கையிலிருந்து வீசும் குளிர்காற்று ஆகியவற்றை விற்பனையாளர் ஒவ்வொன்றாக விளக்கினார், நாங்களும் வியந்தோம். இதற்கிடையே, எழுபது வயதைக் கடந்த எங்கள் அம்மாவை எவரோ மூன்றாம் வரிசையில் ஏற்றிவிட்டிருந்தனர். திரும்பிப் பார்த்தபோது, முழங்கால்கள் மார்பை எட்டும் அளவுக்கு உயர்ந்திருக்க, முன்னிருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். "வசதியாக இருக்கிறதா, மாதாஜி?" என்று விற்பனையாளர் இந்தியில் கேட்டார். அம்மா அறிந்த இந்திச் சொற்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றாகிய 'டீக்' என்பதைச் சொல்லிப் புன்னகை செய்தார்.

சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லின் பொருள் விளங்காமற் போகவில்லை. 'சரி' என்று அகராதி சொல்லும். ஆனால் அம்மா சொன்னதற்கு 'நான் பொறுத்துக்கொள்கிறேன்' என்பதே பொருள். வீடு திரும்பும் வழியில் ஓர் உண்மை தெளிவாயிற்று. குறை சொல்ல மாட்டாதவர் யாரோ, அவரே பெரும்பாலும் கடைசி வரிசைக்குச் சென்று அமர்கின்றார். எனவே வண்டிகளை ஒப்பிடுவோர் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

அதன்பின் நாங்கள் ஒரு தாளில் இரு கேள்விகளை எழுதினோம். ஆண்டில் எத்தனை நாள் ஐவருக்கு மேற்பட்டோர் ஒன்றாகப் பிரயாணம் செய்கிறோம்? அந்நாட்களில் மூன்றாம் வரிசையில் அமரப்போகிறவர் யார்? முதற் கேள்விக்கு ஐந்தாறு நாள் என்பதே விடையாயின், அந்நாட்களில் வாடகை வண்டி அமர்த்திக்கொள்வது மலிவு. ஆண்டில் ஆறு மாதம் பெற்றோர் உடன் இருப்பர் என்றால் மட்டுமே பெரிய வண்டிக்கு நியாயம் உண்டு. இரண்டாம் கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த விடை 'குழந்தைகள்' என்பது. அம்மாவுக்கு உரிய இடம் இரண்டாம் வரிசையின் சன்னல் ஓரம் என்று முடிவு செய்துகொண்டு, அதன் பின்னரே மற்றக் கூடங்களுக்குச் சென்றோம்.

மூன்றாம் வரிசையில் முழங்கால் உயர்வதற்குக் காரணம் என்ன? பல வண்டிகளில் அவ்விருக்கை பின்சக்கரங்களின் அச்சுக்கு மேலே அமைகின்றது. அச்சுக்கு இடம்விட்டுத் தரையை உயர்த்த வேண்டியிருக்கின்றது, கூரையோ உயர்வதில்லை. எனவே இருக்கையைத் தரையோடு தாழ்த்தி அமைக்கின்றனர். தொடைக்குத் தாங்கல் இன்றிப் போவதால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்குகின்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம், அதாவது வீல்பேஸ், கூடுதலாக இருந்தால் இக்குறை ஓரளவு தணியும்.

வெளியே பெரிதாய்த் தோன்றும் வண்டி உள்ளேயும் பெரிதாய் இருக்கும் என்று கொள்ளலாகாது. டாட்டா சஃபாரியின் நீளம் 4,668 மில்லிமீட்டர். மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் 4,662. ஹூண்டாய் அல்கஸார் 4,560. மூன்றிலும் அல்கஸாரே நீளத்திற் குறைந்தது. ஆனால் அச்சு இடைவெளியைப் பார்த்தால் சஃபாரிக்கு 2,741, ஸ்கார்ப்பியோவுக்கு 2,750, அல்கஸாருக்கு 2,760 என வரிசை தலைகீழாகி விடுகின்றது. அகலத்தில் மற்ற இரண்டும் அல்கஸாரை விஞ்சும். ஆகவே மூவர் தோளோடு தோள் அமர்வதற்கு அவை ஏற்றவை. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் எஸ்.யூ.வி. வகையைச் சேர்ந்ததன்று, எனினும் 2,850 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அதனையும் ஒப்பீட்டில் சேர்த்துப் பார்ப்பது நன்று. தோற்றத்தில் கம்பீரம் சற்றுக் குறையலாம். கடைசி வரிசையில் அமர்பவர் கம்பீரத்தைக் காண்பதில்லை.

ஏறி இறங்கும் வழி அடுத்து நோக்கத்தக்கது. இரண்டாம் வரிசையில் தனித்தனி இருக்கை இரண்டு உள்ள ஆறு பேர் வண்டியும், மூவர் அமரும் நீள் இருக்கை உள்ள ஏழு பேர் வண்டியும் பல வகைகளில் கிடைக்கின்றன. தனி இருக்கை முதியவர்க்குச் சுகம். நடுவே வழி இருந்தால் குழந்தைகள் பின்னே எளிதிற் செல்வர். நீள் இருக்கையிலோ, முன்னால் இருப்பவர் எழுந்து இறங்கினாலன்றிப் பின்னவர் இறங்க இயலாது. தரையின் உயரத்தையும் கவனித்தல் வேண்டும். அடிச்சட்டத்தின் மேல் உடற்கூடு பொருத்தப்பட்ட ஸ்கார்ப்பியோ போன்றவை கரடுமுரடான பாதைக்கு ஏற்றவை. ஆனால் ஏறும் படி உயரமானது. சட்டமும் கூடும் ஒன்றாய் அமைந்த வண்டிகளில் பொதுவாகக் குலுக்கல் குறைவு.

சாமான் வைக்கும் டிக்கியைப் பற்றி விற்பனையாளர் கடைசி இருக்கையை மடித்துக் காட்டியே பேசுவார். அதனை நிமிர்த்தச் சொல்லிப் பாருங்கள். அனைத்து இருக்கைகளும் நிமிர்ந்திருக்கும்போது அல்கஸாரில் 180 லிட்டர் இடமும், ஹைகிராஸில் 300 லிட்டர் இடமும் உள்ளன. ஸ்கார்ப்பியோவில் சில பைகளுக்கு மேல் இடமில்லை. கைப்பெட்டி ஒன்றே ஏறக்குறைய 40 லிட்டர் என்றால், எழுவர் ஊருக்குப் புறப்படும் பிரயாணத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஊறுகாய் ஜாடியும் அரிசி மூட்டையும் இன்றி ஊரிலிருந்து திரும்பும் தமிழ்க் குடும்பம் எது? எங்களிடம் இருந்த இரண்டு பெட்டிகளையும் கையோடு எடுத்துச் சென்று வைத்துப் பார்த்தோம். விற்பனைக்கூடத்தார் சிரித்தனர், ஆனால் கணக்கு விளங்கிற்று.

இனி எரிபொருள். இதில் ஊகத்துக்கு இடமில்லை. பெருக்கல் வகுத்தல் போதும். எடுத்துக்காட்டாக, பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய், டீசல் 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் பெட்ரோல் வண்டி 10 கிலோமீட்டரும், டீசல் வண்டி 14 கிலோமீட்டரும் தருமாயின், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று ரூபாய் இருபது காசு மிச்சம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் 32,000 ரூபாய். டீசல் வண்டியின் விலை 1,60,000 ரூபாய் கூடுதலாயின், அதனை ஈடுசெய்ய ஐந்து ஆண்டு ஆகும். இதைக் காட்டிலும் குறைவாக ஓட்டுவோர்க்கு டீசலால் இலாபமில்லை. அன்றியும், 2020இல் பி.எஸ். 6 புகைத் தரம் நடைமுறைக்கு வந்தபின் டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி இடம்பெற்றுள்ளது. அதில் சேரும் கரி எரிந்து தீர நீண்ட ஓட்டம் வேண்டும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் சென்று வருவோர்க்கு அது தொல்லையாகும். நின்று நின்று செல்லும் நெரிசலில் மின்கலமும் பெட்ரோலும் சேர்ந்தியங்கும் கலப்பு வகை சிக்கனமானது. அதன் தொடக்க விலையை மேற்கண்டவாறே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

தில்லி வட்டாரத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியும், பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025இல் அந்நீதிமன்றம் அதனை மீண்டும் ஆராய்ந்து, இடைக்காலமாகச் சில சலுகைகளை அளித்தது. நீண்ட நாள் வைத்திருக்க எண்ணி வாங்குவோர் இவ்வரலாற்றை மனத்திற் கொள்வது நலம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்.சி.ஏ.பி.' என்னும் மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடைபெறுகின்றது. சஃபாரி அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது பெரியவர்க்கு எத்தனை, குழந்தைகட்கு எத்தனை எனப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 2022இல் உலக அமைப்பு ஒன்று நடத்திய சோதனையில் ஸ்கார்ப்பியோ-என் பெரியவர் பாதுகாப்பில் ஐந்தும், குழந்தைப் பாதுகாப்பில் மூன்றும் பெற்றது இதற்குச் சான்று. இச்சோதனைகளில் பொம்மைகளை அமர்த்துவது முன் இரு வரிசைகளில் என்பதையும் மறத்தலாகாது. கடைசி வரிசைக்கு நாமே சோதனையாளர். பக்கவாட்டுக் காற்றுப்பை அவ்வரிசை வரை நீள்கின்றதா? ஒவ்வோர் இடத்திலும் தோள்வழிப் பட்டையும் தலைத் தாங்கியும் உள்ளனவா? இவற்றைக் கையால் தொட்டே அறிந்துகொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் நோக்கிப் பக்கவாட்டில் அமரும் பழைய வகை இருக்கைகளைக் குழந்தைகட்கு ஒருபோதும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வரியும் பதிவும் நம்மைப் போல் இடம் மாறி வாழ்வோர்க்கு முதன்மையானவை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகட்குச் சரக்கு, சேவை வரி 40 விழுக்காடு. நான்கு மீட்டருக்குள் அடங்கிய சிறு எஞ்சின் வண்டிகட்கு 18 விழுக்காடே. 2019இல் வெளிவந்த ரெனோ டிரைபர் இவ்வளவுக்குள் மூன்று வரிசைகளைக் கொண்டது. கடைசி இருக்கைகளைக் கழற்றி வைக்கவும் இயலும். எப்போதாவது மட்டும் ஏழு இடம் தேவைப்படுவோர் அதனைப் பார்க்காமல் விடலாகாது.

ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிதாகப் பதிதல் வேண்டும். மீண்டும் வரி கட்டி, பழைய மாநிலத்தில் மீதித் தொகைக்கு விண்ணப்பித்து அலைய நேரிடும். இந்த அலைச்சலைத் தவிர்க்கவே 2021இல் பாரத் வரிசைப் பதிவு ஏற்பட்டது. மத்திய, மாநில அரசு ஊழியர், பாதுகாப்புப் படையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களிலோ யூனியன் பிரதேசங்களிலோ அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோர் இதற்கு உரியர். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டினாற் போதும். மாறுதல் ஆணை எப்போதும் வரலாம் என்ற நிலையில் உள்ளோர், முன்பணம் கட்டுமுன்பே இதனை விசாரித்து வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

முடிவில், இரு வண்டிகளை மட்டும் தேர்ந்து, குடும்பத்தோடு மற்றுமொரு முறை சோதனை ஓட்டம் சென்றோம். இம்முறை ஓட்டியவரைத் தவிர எல்லோரும் எல்லா இடத்திலும் மாறி மாறி அமர்ந்தோம். குழந்தைகள் கடைசி வரிசையில் அரை மணி நேரம் சண்டையின்றி இருந்தனர். அம்மா இரண்டாம் வரிசையில் சாய்ந்து அமர்ந்து, சிறிது தூரம் சென்றதும், "கைத்தடியை வைக்க இங்கே இடமே இல்லையே" என்றார். அன்று அவர் 'டீக்' என்று சொல்லவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். மனத்தில் தைரியம் உள்ளவரே குறை சொல்வர். கைத்தடிக்குக் கதவோரத்தில் ஒரு கொக்கி பொருத்துவதாகச் சொல்லி, அந்த வண்டியையே உறுதி செய்தோம். திறக்கும் கூரை இல்லாத வகை அது. அப்பணத்தில் பாதுகாப்புக் கூடிய வகை கிடைத்தது.

நேயர்களே, வண்டி வாங்கச் செல்லும் நாளன்று உங்கள் வீட்டு முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வாயால் ஒரு குறையேனும் வரும்வரை காத்திருங்கள்.