லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்

(குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டம் மூடியபோது கிடைத்த இழப்பீடு, 55 வயதில் எடுத்த இபிஎஃப் பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை. இன்று இணைய முதலீடு என்ற பெயரில் நம் வீடுகளிலிருந்து போவது இவைதாம்.

பினாங்கில் ஜேஜேபிடிஆர் என்ற அந்நியச் செலாவணித் திட்டம் மாதம் 20 விழுக்காடு லாபம் என்றது. சாமானியரைக் காப்பது என்பதுதான் அந்தச் சீனப் பெயரின் பொருள்! 2017 ஏப்ரலில் கணக்கை ‘ஹேக்’ செய்துவிட்டார்கள் என்று கையை விரித்தார்கள். இபிஎஃப் 2024-ஆம் ஆண்டு முழுமைக்கும் கொடுத்த ஈவுத்தொகையே 6.3 விழுக்காடுதான். அத்தனை பெரிய நிதியால் முடியாததை டெலிகிராமில் வந்தவன் எப்படிச் செய்வான்?

ஆனால் முதலில் செய்து காட்டுவான். 500 வெள்ளி போட்டால் ஒரே வாரத்தில் 50 வெள்ளி உண்மையாகவே வரும். அது தூண்டிலில் மாட்டிய புழு. பிறகு ஐயாயிரம், பத்தாயிரம் என்று போடுவோம். ஆப்பில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால், “முதலில் வரி கட்டுங்கள்” என்பான். கட்டினால் இன்னொரு கட்டணம். இதைச் சொல்லிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் நம் மச்சான், கோயிலில் பழகிய அண்ணன். அவரும் நம்பித்தான் போட்டிருப்பார். அதனால்தான் கேள்வி கேட்க நமக்குக் கூச்சம்.

கூசாமல் கேளுங்கள். எஸ்எஸ்எம் பத்திரத்தைக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது வியாபாரப் பதிவு மட்டுமே, ரொட்டிச் சானாய் கடைக்கும் அது உண்டு. பங்கு, முதலீட்டு வியாபாரம் செய்ய செக்யூரிட்டீஸ் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் நடத்தினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாண்டு வரை சிறை, ஒரு கோடி வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கமிஷனின் இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லை என்பதால் நல்ல நிறுவனம் ஆகிவிடாது. லைசென்ஸ் பெற்றவர்கள் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உண்மையான நிறுவனத்தின் பெயரையே திருடிப் போடுகிறவர்களும் உண்டு. பணத்தைத் தனி ஆள் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு இந்தத் தளங்களைப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள்.

கூட்டு கட்டுவதும் சட்டப்படி கூடாதுதான். ஆனாலும் கூட்டு பிடிக்கும் அக்காவின் வீடாவது நமக்குத் தெரியும். இவனுக்கு வீடும் இல்லை, முகமும் இல்லை.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பணம் அனுப்பியது தெரிந்த உடனே 997-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும். பிறகு போலீஸ் புகார். “கட்டணம் கொடுங்கள், மீட்டுத் தருகிறேன்” என்று வருபவன் இரண்டாவது திருடன். பேங்க் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் இதே மண்டபத்தில் உட்கார்ந்து புகார் எழுத உதவுகிறோம்.