பள்ளி முகாமாகும்போது



2023 ஜூலை 13. டெல்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அதுவரை 1978-இன் 207.49 மீட்டர்தான் உச்சம். ஆற்றங்கரையில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு சாலையோரக் கூடாரங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஏறி வந்தன. வகுப்புகளுக்கு விடுமுறை. மாதக் கடைசியில் நகரெங்கும் மெட்ராஸ் ஐ. டெல்லிக்காரர்கள் அதை 'ஐ ஃப்ளூ' என்று சொல்லித் தமிழர்களான நம் மானத்தைக் காப்பாற்றினார்கள்!

கட்டடம் திறந்திருக்கிறது, பள்ளி மூடியிருக்கிறது. வெள்ளக் காலத்தின் விசித்திரமே இதுதான்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையை ஆசிரியரே கொடுக்கிறார். 2022-இல் டெல்லி அரசு 20 பள்ளிகளில் மருத்துவ அறைகள் திறந்து, மனநல ஆலோசனைக்கும் வழி செய்தது. நல்ல வேலைதான். ஆனால் எல்லாம் வருகைப் பதிவேட்டை நம்பி நடக்கிறது. வேறொரு பள்ளியின் வராந்தாவில் படுத்திருக்கும் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

நாகப்பட்டினத்தைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முகாம்களில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். நெரிசலில் முதலில் பரவக்கூடியது அது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல வல்லுநர்கள் வந்தார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. வல்லுநர் ஊருக்குத் திரும்பிவிடுவார். தூக்கத்தில் அலறும் பிள்ளை, கடல் பக்கமே போக மறுக்கும் பிள்ளை, இவர்களைத் தினமும் பார்க்கப்போகிறவர் வாத்தியார்தானே?

வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவு வெள்ளார்மலைப் பள்ளியைச் சிதைத்தது. கட்டடம் போனாலும் படிப்பு நின்றுவிடவில்லை; செப்டம்பர் தொடக்கத்திலேயே அந்தப் பிள்ளைகளுக்கு மேப்பாடியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

பள்ளி மூடினாலும் திட்டம் தொடரலாம் என்பதற்குச் சட்ட முன்னுதாரணமும் உண்டு. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோற்றுக்குப் பொருந்தியது மாத்திரைக்கும் மருத்துவக் குழுவுக்கும் ஏன் பொருந்தாது?

மாநிலங்களின் சுகாதார அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியச் சுகாதார, குடும்ப நல நிறுவனம் 1977-இல் உருவானது. அது இருப்பது நம் டெல்லி முனிர்காவில். இவ்வளவு அருகில் இருந்தும் நாம் கேட்காமல் இருக்கலாமா? எனவே இந்த அவை கேட்க வேண்டியவை மூன்று. மழைக்கு முன்பே முகாம் பள்ளிகளுக்குச் செவிலியரை நியமிக்க வேண்டும். பரிசோதனை அட்டையின் நகல் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். முகாமுக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும், பெயர் எங்கே பதிவாகியிருந்தாலும், மாத்திரை கிடைக்க வேண்டும். இதற்கான மனு செயலாளர் மேசையில் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். சாம்பார் ஆறினால் பரவாயில்லை.