யாருடைய கணக்கில் எழுதுவது?

(தூத்துக்குடியில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுச் சொற்கள் சில அப்படியே விடப்பட்டுள்ளன.)



'அறவியல் கோட்பாடுகளும் உலக வணிகமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு தோழர் கேட்டார்: "இது எம்.பி.ஏ. பாடம்லா, நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. அந்தப் பாடப்புத்தகங்களை நானும் புரட்டிப் பார்த்தேன். 'நீங்கள் ஒரு கம்பெனியின் மேலாளர். உங்கள் ஆலை ஏழை நாடொன்றில் இருக்கிறது. என்ன முடிவெடுப்பீர்கள்?' என்றுதான் ஒவ்வொரு பாடமும் ஆரம்பிக்கிறது. பெந்தாம் என்ன சொல்வார், காண்ட் என்ன சொல்வார், அரிஸ்டாட்டில் என்ன சொல்வார் என்று மூன்று பதில்களும் தருகிறார்கள். ஆனால் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவரை முன்னிலையில் வைத்து ஒரு கேள்வியும் இல்லை. அவர் எப்போதும் படர்க்கையில்தான் வருகிறார். நான் வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவன். கணக்கை எழுதுகிறவன் யார், எழுதப்படுகிறவன் யார் என்று பார்ப்பது தொழில் புத்தி. அந்தப் புத்தியோடு இந்தக் கோட்பாடுகளை நம்ம ஊர்க் கரையில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

உலக வணிகம் தூத்துக்குடிக்கு நேற்று வந்ததல்ல. கொற்கை இங்கிருந்து எட்டும் தூரம்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' நூலில் கொற்கையின் முத்துக்குளிப்பு பற்றி ஒரு குறிப்பு உண்டு. பாண்டியர் ஆட்சியில் அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்தக் குறிப்பு. அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் செனக்கா என்ற தத்துவ ஞானி, பெண்கள் பரம்பரைச் சொத்தையே காதில் தொங்கவிடுகிறார்கள் என்று முத்தணியைக் கண்டித்தார். பிளினி, ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் ரோமப் பணம் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரேபியாவுக்கும் போகிறதே என்று வருத்தப்பட்டார். ஒருவருக்கு வாங்குகிறவரின் ஒழுக்கம் பற்றிக் கவலை. இன்னொருவருக்கு கஜானா பற்றிக் கவலை. மூச்சடக்கிக் கீழே போனவன் மேலே வந்தானா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. பாண்டியனின் பெருமை பாடுகிற நம்ம மேடைகளில் மட்டும் கேட்கிறோமா? 'முத்து நகர்' என்று பலகை வைத்திருக்கிறோம். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பலகை மட்டும் நிற்கிறது. குளித்தவன் பெயர் அதில் இல்லை.

அடுத்தது ஒரு பழைய புதிர். சிசரோ தன் 'கடமைகள்' நூலில் சொல்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை அவன் வழியிலேயே பார்த்துவிட்டான். அதை ஊர் மக்களிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை இறங்கிவிடும். டயோஜனிஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியர், சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும், மற்றதை மறைப்பது ஏமாற்று ஆகாது என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியது எதையும் ஒளிக்கக் கூடாது என்கிறார். துறைமுக நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான புதிர் வேண்டுமா?

டயோஜனிஸை அப்படியே ஸ்டெர்லைட்டுக்குக் கொண்டுவாருங்கள். தாமிர உருக்காலைக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி 1995 ஜனவரியில் கிடைத்தது. பொது விசாரணை நடத்தி மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி வந்தது 1997 ஏப்ரலில். அனுமதி கொடுத்த தேதியில் அப்படி ஒரு விதி இல்லையே, ஆகவே கேட்காதது குற்றமில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். மீளவிட்டான்காரருக்கும் பண்டாரம்பட்டிக்காரருக்கும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை 1997 ஏப்ரலில்தான் பிறந்ததா? அதற்கு முன்னாலும் அவர்கள் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? பிறகு இரண்டாவது ஆலை கட்டும் பேச்சு வந்தது. தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது என்று சொல்லி அதற்கும் பொது விசாரணை இல்லாமல் போனது. விசாரணை நடத்தித்தான் ஆக வேண்டும், அதுவரை கட்டக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட தேதி 2018 மே 23. முந்தின நாள்தான் துப்பாக்கிச் சூடு. நூறு நாள் போராடி, கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்து போய், செத்து விழுந்த பிறகு 'மக்களைக் கேளுங்கள்' என்று ஒரு காகிதம் வந்தது. 13 உயிர். அதில் 17 வயது மாணவியும் ஒருத்தி.

இப்போது பயன்வாதத்துக்கு வருவோம். பெரும்பான்மையோருக்குப் பெரும் மகிழ்ச்சி எது தருகிறதோ அது அறம். பெந்தாம் ஆரம்பித்தார், ஜான் ஸ்டூவர்ட் மில் வளர்த்தார். மில் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியில். 1823இல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1858 வரை, முப்பத்தைந்து வருஷம். (என் சாதிக்காரர் என்று சொல்லலாம், குமாஸ்தா சாதி!) அவர் சேர்ந்து இரண்டாம் வருஷம், 1825இல், தூத்துக்குடி டச்சுக்காரர்களிடமிருந்து நிரந்தரமாக அந்தக் கம்பெனியின் கைக்கு வந்தது. சுதந்திரம் பற்றி மிக நல்ல புத்தகம் எழுதிய அதே மில், 'பக்குவப்படாத' சமூகங்களை அவர்களின் முன்னேற்றத்துக்காகச் சர்வாதிகாரமாக ஆளலாம் என்று அதே புத்தகத்தில் விலக்கும் வைத்தார். எல்லாருடைய மகிழ்ச்சியையும் கூட்டு என்கிற கோட்பாடு, 'எல்லாரும்' யார் என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருந்தது.

அதே கூட்டல் கணக்கை 2013 ஏப்ரல் 2ஆம் தேதித் தீர்ப்பில் பார்க்கலாம். 2010இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்து செய்தபோது எவற்றையெல்லாம் எடை போட்டது? நாட்டுக்குத் தாமிரம் வேண்டும். ஆலையில் சுமார் 1300 பேர் வேலை பார்க்கிறார்கள், ஒப்பந்ததாரர்கள் மூலம் இன்னும் பலர். அரசுக்கு வரி வருகிறது. தூத்துக்குடித் துறைமுகச் சரக்கில் 10 சதவிகிதம் இந்த ஆலையால் வருகிறது. மறுதட்டில், ஆலை சூழலை மாசுபடுத்தியது, முறையான இசைவு இல்லாமல் நெடுநாள் ஓடியது என்பதையும் அதே நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அதற்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தொகை பெரிதுதான். ஆனால் வங்கிக்காரன் கண்ணோடு பாருங்கள். வேலை, வரி, சரக்கு எல்லாம் எண்ணாக வந்து தட்டில் உட்கார்ந்துவிட்டன. இருமலுக்கு எண் கிடையாது. குழந்தை ராத்திரி தூங்காததுக்கு எண் கிடையாது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் அதற்கு எந்த வவுச்சரும் இல்லை. வவுச்சர் இல்லாததைப் பேரேட்டில் ஏற்ற முடியாது என்பது எங்க ஆபீஸ் விதி. அறத்துக்கும் அதே விதி என்றால், ரசீது வைத்திருக்கிறவன் மட்டும்தான் மனுசன்.

காண்ட் இந்தக் கூட்டலையே ஏற்கமாட்டார். எந்த மனிதரையும் இன்னொருவரின் காரியத்துக்கு வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார். நீ பின்பற்றும் விதியை எல்லாரும் எல்லா இடத்திலும் பின்பற்ற முடியுமா என்று பார் என்கிறார். இந்த இரண்டாவது சோதனைக்கு நம்ம ஊர் நல்ல உதாரணம். இந்த ஆலை முதலில் மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரியில் வர இருந்தது. மாம்பழ விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 1993இல் அங்கே வேலை நின்றது. 1994 அக்டோபரில் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ரத்தினகிரிக்கு ஆகாது, தூத்துக்குடிக்கு ஆகும் என்பது காண்ட்டின் தராசில் நிற்காத விதி. ஆனால் அந்த விதி நமக்குப் புதுசா? ஊருக்கு ஆகாதது சேரிக்கு ஆகும் என்பதுதானே இந்த நாட்டில் காலங்காலமாக இருக்கிற விதி! செத்த மாடும் சுடுகாடும் சாக்கடையும் எங்கே ஒதுக்கப்பட்டன? உலக மூலதனம் அந்த வரைபடத்தைத்தான் பெரிதாக்கி விரித்திருக்கிறது.

மூன்றாவது, நற்பண்பு அறம். நல்லவனாக இரு, நல்லவன் செய்வதைச் செய். 2007இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதி, ஸ்டெர்லைட்டின் தாய்க் கம்பெனியான வேதாந்தாவைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த நிதியின் அறக் குழு ஆராய்ந்த நான்கு இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று. கடல் தாண்டி எங்கோ ஆஸ்லோவில் ஒரு பேரேட்டில் நம்ம ஊருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த அறிக்கை நமக்கு ஆயுதமாகப் பயன்பட்டது. ஆனால் அவர்கள் விற்ற பங்கை வேறு யாரோ வாங்கினார்கள். அவர்கள் கை சுத்தமானது. சிமினியில் புகை நிற்கவில்லை. செனக்கா முத்தை வெறுத்ததும் இப்படித்தான். வாங்குகிறவரின் மனசாட்சி தேறிவிடும். குளிக்கிறவன் மூச்சு அவனோடதுதான்.

அப்போ எல்லாக் கோட்பாட்டையும் தூக்கிக் கடலில் போட்டுடலாமா? வேண்டாம். அம்பேத்கர் போடவில்லை. 'இந்து மதத்தின் தத்துவம்' என்ற அவருடைய கையெழுத்துப் படி அவர் இறந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1987இல், மகாராஷ்டிர அரசின் தொகுதியில் வெளிவந்தது. அதில் ஒரு மதத்தை எடைபோட இரண்டு அளவுகோல்களை எடுக்கிறார். ஒன்று பயன், இன்னொன்று நீதி. நீதி என்பதைச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றுமாக விளக்குகிறார். மேற்கத்திய அறவியலின் அதே கருவிகள்தான். ஆனால் அவர் அளக்க நிற்கிற இடம் வேறு. இந்த ஏற்பாட்டில் தீண்டத்தகாதவனுக்கு என்ன பயன், அவனுக்கு நீதி உண்டா என்று கேட்கிறார். கடைசியில் நிற்கிறவனிடமிருந்து எண்ண ஆரம்பிக்கிறார். கோட்பாடு அதேதான். கணக்கை எழுதும் கை மாறுகிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இப்படிச் சொல்லிவிட்டு எளிதாக இறங்கிப் போக முடியாது. ஆலை 2018 மே 28இல் மூடப்பட்டது. அதோடு வேலை போனவர்களில் ஒப்பந்தக் கூலிகள் இருக்கிறார்கள், லாரி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். நம்ம தெருவிலும் இருக்கிறார்கள். "உங்களுக்குப் புகை போச்சு, எனக்குச் சோறு போச்சு" என்று ஒருவர் கேட்டால் அவரைக் கம்பெனிக் கைக்கூலி என்று திட்டுவது பதிலாகாது. அவர் கடைசியில் நிற்கிறவர் இல்லையா? அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை பற்றிச் சொன்னது இங்கே உதவும். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே ஒருவனைக் காட்டி, இருக்கிற கொஞ்சத்தையும் இழந்துவிடுவாய் என்று பயமுறுத்தினால், யாரும் யாரோடும் சேர மாட்டார்கள். நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, வாசலில் டீ விற்பவர், பக்கத்துக் கிராமத்து விவசாயி என்று படிகள். 'வேலையா, மூச்சா?' என்ற கேள்வியை இந்தப் படிகளில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும்படி விட்டுவிட்டு, லாபத்தை எடுத்துக்கொண்டவர்கள் கேள்விக்கு வெளியே போய்விடுகிறார்கள். அந்தக் கூலிக்காரருக்குப் பட்ட கடன் உண்மையானது. அதைத் தீர்க்க வேண்டியது இருபது வருஷத்துக்கு மேல் லாபம் எடுத்த கம்பெனியும் வரி எடுத்த அரசும். அ.குமரெட்டியபுரத்துக் குழந்தையின் நுரையீரலை அடமானம் வைத்து அந்தக் கடனை அடைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆலையை மூடுவது முதல் விருப்பமாக இருக்க முடியாது, ஆனால் திரும்பத் திரும்ப நடந்த மீறல்கள் வேறு வழி விடவில்லை என்றது. மக்களின் நலமே தலையாயது என்றது. 2013இல் இருந்த அதே தாமிரம், அதே வரி, அதே வேலை இப்போதும் தட்டில் இருந்தன. எதிர்த்தட்டின் எடையை இந்த முறை பார்த்தார்கள். அந்த எடையை ஏற்றியது எந்த அறவியல் புத்தகமும் இல்லை. தெருவில் உட்கார்ந்த பெண்கள் ஏற்றினார்கள். கடலுக்குப் போகாமல் நின்ற மீனவர்களும் கடையடைத்த வியாபாரிகளும் சேர்ந்து ஏற்றினார்கள்.

தீர்ப்போடு வேலை முடியவில்லை. உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடு ஆலையை மூடியதற்கான காரணங்களில் ஒன்று. அந்த மண்ணும் தண்ணீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேலை இழந்தவர்களின் நிவாரணத்தைப் போராட்டக்காரர்களாகிய நாமே நம் கோரிக்கையாக எழுத வேண்டும். துப்பாக்கிச் சூடு பற்றி நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதை மாணவர்கள் வாசிக்க வேண்டும். நாளைக்கு இந்தக் கரைக்கு வேறொரு ஆலை வரும், பசுமை என்று பெயர் போட்டுக்கூட வரும். வரட்டும். ஆன்டிபேட்டர் சொன்னபடி பின்னால் வருகிற கப்பல்களையும் சேர்த்துச் சொல்லட்டும். தமிழில் சொல்லட்டும். உப்பளத்தில் வேலை செய்கிற அக்காவுக்குப் புரிகிற மாதிரி, அவர் வேலை முடிந்து வருகிற நேரத்தில், அவர் தெருவிலேயே வைத்துச் சொல்லட்டும். அவர் 'வேண்டாம்' என்றால் அதையும் கணக்கில் எழுதட்டும்.

தோழர்களே, இனி நீங்கள் பேசுங்கள். முதலில் அந்தக் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம். அதற்கு நான் சொன்ன பதில் போதாது என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.