நீச்சல் குளமுள்ள வீட்டிற்குக் குடிபோவதா? முடிவெடுக்குமுன் குடும்பத்தோடு பேசுங்கள்

(மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களும் பாதுகாப்பு அதிகாரிகளும் சொல்வதை நம் வீடுகளில் புழங்கும் தமிழில் உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதே என் பங்கு.

இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர், "நாங்கள் வீவக வீட்டில் இருப்பவர்கள், நீச்சல் குளத்தைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைகள் கொண்டோமினியத்திற்கோ தரைவீட்டிற்கோ மாறுகிறார்கள். பிறகு ஒருநாள், "அம்மா, நீங்களும் அப்பாவும் எங்களோடு வந்துவிடுங்கள். பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம். வாசலிலேயே நீச்சல் குளம் இருக்கிறது, அப்பாவின் முட்டிவலிக்கும் நல்லது" என்கிறார்கள். அன்போடு அழைக்கிறார்கள். நாமும் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிடுகிறோம். தலையாட்டுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

பகல் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்?

வீடு பார்க்கப் போகும்போது எல்லாரும் அறைகளை எண்ணுகிறார்கள். எம்ஆர்டி எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கிறார்கள். குளமுள்ள வீடு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. வார நாள்களில் பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்?

மகனும் மருமகளும் வேலையில் இருப்பார்கள். இரண்டு வயதுப் பேரனோடு இருப்பது தாத்தாவும் பாட்டியும். இல்லப் பணிப்பெண் இருந்தால் அவர் அடுப்படியில் இருப்பார். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் பகலில் அந்தக் குளத்திற்குப் பொறுப்பாளர் நீங்கள்தான். ஆகவே முடிவெடுக்கும் இடத்தில் உங்கள் குரலும் இருக்க வேண்டும். "பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள்" என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

சத்தம் வராது

தண்ணீரில் விழுந்த பிள்ளை கத்தும், கையை அடிக்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் மூழ்குகிறார்கள். மூச்சு விடவே முடியாதபோது கத்துவதற்கு மூச்சு ஏது? சில நிமிடங்கள் உயிர்க்காற்று கிடைக்காவிட்டால் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. அடுப்பை அணைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரும் நேரம் அது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. இந்த வயதில் பிள்ளைக்கு நடக்கவும் ஓடவும் தெரியும், ஆபத்து தெரியாது. உடல் அளவோடு ஒப்பிட்டால் தலை கனம். குனிந்து பந்தை எடுக்கும்போது தலை முன்னே போய்விடும். அதனால் ஆழம் குறைந்த குழந்தைகள் குளமும் ஆபத்தில்லாதது அல்ல. சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் தமிழில் பார்த்துக்கொள்வது என்றால் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அடங்கும். சமைத்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குப் பக்கத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அதன் நேர்ப்பொருள் ஒன்றுதான். கண்ணால் பார்ப்பது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்து, கண்ணை எடுக்காமல் பார்ப்பது.

பெரியவர்கள் பலர் கூடியிருக்கும் விருந்து நாளில் ஆபத்து குறைவு என்று எண்ண வேண்டாம். ஆளாளுக்கு "அவர் பார்க்கிறார்" என்று இருந்துவிடுவோம். அதனால் பொறுப்பை வாய்விட்டு மாற்றிக்கொள்ளுங்கள். "நான் உள்ளே போகிறேன், இனி நீங்கள் பாருங்கள்" என்று சொல்லி, "சரி, நான் பார்க்கிறேன்" என்ற பதிலைக் கேட்ட பிறகே நகருங்கள்.

தரைவீட்டுக் குளம் என்றால் வேலி முதலில்

நாள் முழுதும் எந்த மனிதராலும் கண்ணிமைக்காமல் இருக்க முடியாது. மதியம் கண் அசரும். பூசை அறையில் இருப்போம். கழிவறைக்குப் போவோம். அந்த நேரத்தில் பிள்ளையைக் காப்பது வேலி. வீடு பார்க்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• குளத்தின் நான்கு பக்கமும் வேலி இருக்க வேண்டும். வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாக விட்டிருந்தால் போதாது. வரவேற்பறையின் நகர்த்து கதவைத் திறந்தால் பிள்ளை நேராகக் குளத்தடிக்குப் போய்விடும்.
• வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு இடையிலும் வேலிக்கு அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.
• கதவு தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. கல்லை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் கூடாது.
• வேலியோரம் நாற்காலி, பூந்தொட்டி, பெட்டி எதுவும் இருக்கக்கூடாது. பிள்ளைக்கு அவை படிக்கட்டு.
• குளித்து முடித்ததும் பந்து, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மிதக்கும் பொம்மைதான் பிள்ளையைத் தண்ணீருக்கு அழைக்கிறது.

எச்சரிக்கை மணியும் கண்காணிப்புக் கேமராவும் கூடுதல் உதவி. வேலிக்கு அவை மாற்றாகா. குளத்தின்மேல் மிதக்கும் மெல்லிய விரிப்பு இன்னும் மோசம். அதில் கால் வைத்த பிள்ளை அடியில் சிக்கிக்கொள்ளும், மேலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. காற்றடைத்த கைவளையங்கள் விளையாட்டுப் பொருள்களே. அவற்றை நம்பிப் பிள்ளையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

வாடகை வீடாக இருந்தால் கழற்றி மாட்டும் வலைவேலி போட வீட்டு உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டுவிட வேண்டும்.

கொண்டோமினியம் என்றால்

கொண்டோமினியக் குளம் எல்லாருக்கும் பொதுவானது. பராமரிப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் அங்கே பெரும்பாலும் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். "சிறுவர்களுடன் பெரியவர் இருக்க வேண்டும்" என்று பலகை மாட்டியிருப்பார்கள். அந்தப் பெரியவர் நீங்கள்தான்.

உயரமான மாடி என்றால் நடுவில் வீட்டுக் கதவும் மின்தூக்கியும் இருக்கின்றன. தரைத்தளத்து வீடுகள் சிலவற்றில் பின்வாசலைத் திறந்தால் பத்து எட்டில் குளம். சிறு பிள்ளை இருக்கும் வீட்டிற்கு இது பெரிய வித்தியாசம். எந்த மாடி என்று பார்க்கும்போது காற்றோட்டத்தையும் விலையையும் போலவே இதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நமக்கும் நன்மை உண்டு, கவனமும் வேண்டும்

குளம் என்றாலே பயம் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். முட்டிவலி, இடுப்புவலி உள்ளவர்கள் தரையில் நடக்கச் சிரமப்பட்டாலும் தண்ணீருக்குள் நடக்க முடியும். நீச்சல் தெரியாவிட்டாலும் இது முடியும். மூத்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் ஒரு பகுதியைத் தண்ணீரில் செய்யலாம்.

ஆனால் தனியாக இறங்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குக் குளத்திலிருந்து ஏறும்போது தலைசுற்றல் வரலாம். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி, சற்று உட்கார்ந்து பிறகு எழுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு இறங்காதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஓடு கீறினாலும் தெரியாது, ஆகவே தண்ணீர்க் காலணி அணியுங்கள். இதய நோய், வலிப்பு உள்ளவர்களும், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இடி முழங்கினால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

குளத்தோர ஓடு ஈரத்தில் வழுக்கும். கைப்பிடி இருக்கிறதா, படிகள் அகலமா, இரவில் வெளிச்சம் உண்டா என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது முதுமை மறதி நோய் இருந்தால் பிள்ளைக்குச் சொன்ன அதே வேலி அவருக்கும் தேவை. இரவில் எழுந்து நடப்பவருக்குத் தண்ணீரும் தரையும் ஒன்றாகத் தெரியலாம்.

கொசுவும் குளோரினும்

சுழன்று வடிகட்டப்பட்டு, குளோரின் அளவு சரியாக இருக்கும் குளத்தில் ஏடிஸ் கொசு பெருகாது. பயணம் போகும்போது நிறுத்தி வைத்த குளமும், மூடுவிரிப்பின் மடிப்பும், குளத்தைச் சுற்றியுள்ள வடிகாலும் வேறு கதை. இருபது காசு நாணயம் அளவு தேங்கிய நீரே கொசு முட்டையிடப் போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரந்தோறும், முடிந்தால் அதற்கு முன்பே, தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். அதை யார் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

குளத்து ரசாயனங்களைப் பூட்டி வையுங்கள். குளோரினை அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு வரும். அந்த வேலையை அது தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஒருவேளை விழுந்துவிட்டால்

நீச்சல் தெரியாதவர் ஆழமான தண்ணீரில் குதிக்கக்கூடாது. இரண்டு உயிர் போய்விடும். உரக்கக் கூப்பிடுங்கள். மிதவை வளையத்தை எறியுங்கள், நீண்ட கம்பை நீட்டுங்கள். தூக்கியதும் மூச்சில்லை என்றால் 995ஐ அழைத்து ஒலிபெருக்கியில் வைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். சிபிஆர் எனப்படும் இதய இயக்க மீட்பு முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு மூச்சும் ஊத வேண்டும். அதனால் வீட்டில் இருப்பவர்கள், பணிப்பெண் உட்பட, குடிபோவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொள்வது நல்லது. வயது தடையில்லை. தரையில் மண்டியிட முடியாதவர்கூடத் தொலைபேசியில் அழைத்து, பக்கத்தில் இருப்பவருக்கு வழி சொல்ல முடியும்.

எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் மகனிடம் சொன்னால் வருத்தப்படுவானோ, மருமகள் தப்பாக நினைப்பாளோ என்று தயங்குகிறோம். "வேண்டாம்" என்று தொடங்காமல், நிபந்தனையோடு தொடங்கலாம். "எனக்கு வர ஆசைதான். முதலில் வேலி போட்டுவிடு. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான், நான் மதியம் கண் அசருகிறேன், அதனால்தான் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் உடல்நிலையை மறைக்காதீர்கள். காது மந்தமாக இருந்தால், பார்வை குறைந்திருந்தால், ஓட முடியாது என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலி போட முடியாது, பகலில் உங்களுக்கு வேறு துணையும் இல்லை, வீட்டில் தவழும் அல்லது ஓடும் வயதில் பிள்ளை இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த வீடு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்து நீச்சல் கற்ற பிறகு இதே கேள்விக்கு வேறு பதில் வரலாம். அப்போதும் கண்காணிப்பு தேவைதான், ஏனென்றால் நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவதுண்டு. நீந்தும் ஆசைக்கு உயிர்காப்பாளர் உள்ள பொது நீச்சல் குளங்கள் இருக்கின்றன. பேரனைக் கைப்பிடித்து அங்கே அழைத்துப் போகலாம்.

வேலி உண்டு, தாழ் வேலை செய்கிறது, யார் எப்போது பார்ப்பது என்று பேசியாகிவிட்டது என்றால், தாராளமாகக் குடிபோங்கள். போன முதல் நாள், பெட்டிகளைப் பிரிக்குமுன், குளத்துக் கதவைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். அது தானாக மூடித் தாழிட்டுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகு பாலைக் காய்ச்சுங்கள்.